இன்குபேட்டருக்குப் போட்ட மாலை

போன மாதம் எங்கள் பழைய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன். உடம்பு எப்படி, வீட்டில் எப்படி என்று மரியாதையாக விசாரித்துவிட்டு, "அங்கிள், இங்க சுவத்துல ஒரு பழைய சர்க்குலர் ஒட்டியிருக்கு. இன்குபேட்டருக்கு மாலை, சந்தனம், கற்பூரம் எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கு. யாராச்சும் இன்குபேட்டருக்குப் போய் மாலை போடுவாங்களா?" என்று சிரித்தாள்.

"போட்டாங்கம்மா. நான்தான் போட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம், எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்றாள். பெரிய விஞ்ஞானிகள் எழுதும் மலரில் கண்ணாடிச் சீசா கழுவியவன் எழுதுவதா என்று ஒரு நாள் யோசித்தேன். அந்த விஞ்ஞானிகள் இதை எழுத மாட்டார்கள் என்று தோன்றியதால் நானே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம், ஹனூர் தாண்டி. பி.யூ.சி.யில் இரண்டு முறை கோட்டை விட்டபின், மைசூரில் இருந்த மாமா ஒருவர் இந்தக் கூடத்தில் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார். கூடத்தின் பெயர் வேண்டாம். இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. இரண்டு வருஷம் சீசா கழுவினேன். அப்புறம் கழுவிய சீசாவைக் கொதிநீராவியில் வேகவைக்கக் கற்றேன். அப்புறம் செல் வளர்ப்பு அறைக்குள் விட்டார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

அந்த அறையின் அதிபதி டாக்டர் திருநாராயணன். மேல்கோட்டைக்காரர். வீட்டில் அவர்கள் பேசும் பழைய தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். நெற்றியில் சிவப்புக் கோடு, அதற்கு மேல் தடித்த கண்ணாடி. ஜெர்மனியில் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன சாப்பிட்டார் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

செல் வளர்ப்பில் முதல் பாடம் கிருமி படாமல் இருப்பது. அதை எல்லாரும் ஸ்டெரைல் என்பார்கள். எங்கள் சாருக்கு அது மடி. கிருமி பட்டது விழுப்பு. "இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருக்கறது மடி, பழனி. உன் முழங்கை விழுப்பு. முழங்கையை உள்ளே விட்டயோ, எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி ஆரம்பிக்கணும்." கையை மூன்று தரம் கழுவுவார். ஸ்பிரிட் தடவுவார். கதவைத் தோளால் தள்ளுவார். புட்டியின் வாயை நெருப்பில் காட்டிவிட்டுத்தான் மூடி திறப்பார். அந்தக் காலத்தில் மற்ற லேப்களில் பைப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். எங்கள் லேபில் அதற்குத் தடை. காரணம் அது எச்சல். டெல்லியிலிருந்து வந்த ஒரு கமிட்டி இதைப் பார்த்து அசந்துபோய், பாதுகாப்பில் நாட்டுக்கே முன்னோடி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. சார் மறுக்கவில்லை.

எனக்கும் அதில் லாபம்தான். எங்கள் ஊர்க் கோயிலில் கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் என்னை யாரும் விட்டதில்லை. இங்கே கையுறை மாட்டி ஸ்பிரிட் தடவியதும் நான் மடியாகிவிடுவேன். சாரின் மடிக்கும் என் மடிக்கும் மைக்ராஸ்கோப்பில் வித்தியாசம் தெரியாது. அந்த சந்தோஷத்திலேயே ஒன்பது வருஷம் தினக்கூலியாக ஓட்டினேன்.

சாரின் ஆராய்ச்சியை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். சர்க்கரை வியாதியில் ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை சுற்றிச் சுற்றி வந்து, சிறுநீரகத்தில் வடிகட்டும் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிறது. ஆனால் செல் ஒன்றும் மக்கு இல்லை. லேசாக ஒரு அதிர்ச்சி கொடுத்தால் பயந்துகொண்டு தனக்குள் ஒரு காவல் புரதத்தைச் செய்துகொள்ளும். அப்புறம் பெரிய ஆபத்து வந்தால் அந்தப் புரதம் தாங்கிப் பிடிக்கும். அதிர்ச்சி என்றால் சூடு. செல் வாழ்வது முப்பத்தேழு டிகிரியில். நாற்பத்திரண்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் போதும். புரதத்துக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. நாங்கள் வாட்ச்மேன் என்போம்.

இதைச் செய்துகொண்டிருந்தவள் ரேணுகா. நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். அப்பாவுக்கு அங்கே பேக்டரியில் வேலை. வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் கன்னடம். அவள் பேச்சில் எது எங்கே முடியும் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் பட்டத்துக்கு மூன்று வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தாள். எலியின் சிறுநீரகச் செல்களை இரண்டு குடுவையில் வளர்ப்பாள். ஒன்றை மட்டும் வெந்நீர்த் தொட்டியில் நாற்பத்திரண்டுக்குச் சூடாக்குவாள். மறுநாள் இரண்டிலும் சர்க்கரைக் கரைசலை ஊற்றுவாள். ஐந்தாம் நாள் நீலச் சாயம் போட்டு எண்ணுவாள். செத்த செல் நீலம் பிடிக்கும். உயிருள்ள செல் பிடிக்காது. சூடு கண்ட குடுவையில் பெரும்பாலும் பிழைத்திருக்கும், சூடு காணாத குடுவையில் பெரும்பாலும் செத்திருக்கும். இரண்டு தடவை அப்படியே வந்தது. மூன்றாவது தடவையும் வந்தால் தீசிஸ் எழுதலாம். வராவிட்டால் சங்கராந்திக்குப் பிறகு கல்யாணம் என்று அவள் அப்பா மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார்.

மூன்றாவது தடவை தசராவில் வந்தது.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் தெரியுமே. தெருவில் நிற்கும் லாரியிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டும் பூவும். எங்கள் லேபிலும் சாரே நின்று நடத்துவார். முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "பழனி, இன்குபேட்டருக்குப் பெரிய மாலையா வாங்கிண்டு வா. போன வருஷம் மாதிரி முழம் போட்டுண்டு வந்து மானத்தை வாங்காதே" என்றார்.

இன்குபேட்டர் என்பது செல்களை முப்பத்தேழு டிகிரியில் வைத்திருக்கும் அலமாரி. எங்களுடையது உள்ளூர்த் தயாரிப்பு. அதன் தெர்மோஸ்டாட் கொஞ்சம் சோம்பேறி. சூடு கூடினால் அது விழித்துக்கொள்வதற்குள் தலையில் இருந்த ஆறு துவாரங்கள் வழியாக வெளியேறிவிடும். நான் மார்க்கெட்டில் பேரம் பேசி, ஆள் உயரச் செவ்வந்தி மாலை இரண்டு வாங்கினேன். மானம் போகக் கூடாதல்லவா.

பூஜையன்று காலையில் ரேணுகா சீக்கிரமே வந்து ஒரு குடுவையைச் சூடாக்கி, இரண்டையும் இன்குபேட்டரில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். சார் இன்குபேட்டரின் கதவில் சந்தனத்தால் நாமம் போட்டார். மைக்ராஸ்கோப்புக்கும் போட்டார். சூட்டுப் பதிவேடும் அதன் மேல் குறுக்காகப் பேனாவும் குங்குமத்தோடு பூஜையில் அமர்ந்தன. நான் மாலைகளைத் தலையில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கற்பூரம் காட்டினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். கடலைப்பொரி கொடுத்தார். போகும்போது, "செல் இருக்கறதால மெஷின் ஓடட்டும். ஆனா நாளைக்குக் காலம்பற வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொடப்படாது. எழுதவும் கூடாது" என்று சொல்லிவிட்டு மேல்கோட்டைக்குப் புறப்பட்டார்.

கற்பூரத் தட்டைக் கழுவி வைக்க உள்ளே வந்தேன். சும்மா தெர்மாமீட்டரைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

அட கெரகமே என்று மாலையைத் தூக்கினேன். ஆறு துவாரத்தின் மேலும் செவ்வந்தி மெத்தை மாதிரி படுத்திருந்தது. மாலையைக் கைப்பிடியில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிட்டது. பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு பூஜையில். பேனா பூஜையில். ஆனால் மர ஆசாரி விட்டுப் போன ஒரு பென்சில் துண்டு ஜன்னலில் கிடந்தது. அதை யாரும் பூஜைக்கு மதிக்கவில்லை. தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, "பகல் 11.40, சூடு 42. மாலையை எடுத்தேன். 12.15, சூடு 37" என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. சார் ஏக சந்தோஷமாக வந்தார். என்னைக் கூப்பிட்டார். "உன்னோட பர்மனென்ட் ஃபைல் என் டேபிள்ல இருக்குடா. நான் கையெழுத்துப் போட்டா டைரக்டர் போட்டுடுவார்" என்றார். என் கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. உங்கள் மாலைதான் சார் சூட்டை ஏற்றியது என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? மாலை போட்டதிலிருந்து ஒன்றரை மணி நேரம்தானே, செல்லுக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாற்பத்திரண்டு டிகிரியைத் தவிர வேறு எதையும் பேசாத லேபில் ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு அது உறைக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

ரேணுகா அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து இரண்டு குடுவையிலும் சர்க்கரை ஊற்றினாள். ஐந்தாம் நாள் எண்ண உட்கார்ந்தாள். ஒவ்வொரு நீலச் செல்லுக்கும் கையிலிருக்கும் கருவியை ஒரு தரம் அழுத்த வேண்டும். சூடு காணாத குடுவையை எண்ணும்போது எப்போதும் அது தட்டச்சு மாதிரி சத்தம் போடும். அன்று சத்தமே இல்லை.

"அண்ணா" என்றாள். "எரடூ பதுக்கிதே. ரெண்டும் உசிரோட இருக்கு."

"நல்லதுதானேங்க?" என்றேன்.

"ஏன் நல்லது? சூடு பண்ணாததும் பொழைச்சா வாட்ச்மேன் எதுக்கு? என் தீசிஸே சுள்ளு ஆகிடும். பொய்யாகிடும்."

சார் வந்து பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "விழுப்பாயிடுத்து. கொட்டிடு" என்றார்.

"விழுப்பு இல்ல சார். கிருமி ஒண்ணும் இல்ல, நோடிதினி. நல்லாப் பாத்துட்டேன்."

"நான் விழுப்புன்னா விழுப்பு. கொட்டிட்டு நாலாவதா ஒண்ணு போடு. நன்னா வரும்."

"கொட்டிட்டா நடக்காத மாதிரி ஆகிடுமா சார்? மூணு தடவை பண்ணேன், ஒரு தடவை வரலைன்னு எழுதிடறேன்."

"எழுதினா யார் பட்டம் குடுப்பா? ஏன் வரலேன்னு கேப்பாளே, என்ன சொல்லுவே?"

அதற்கான பதில் என் சட்டைப் பையில் இருந்தது. நான் போய்ச் சீசா கழுவினேன்.

அன்றைக்கு மண்டி மொஹல்லாவில் நாங்கள் குடியிருந்த அறைக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் ஹனூர்ப் பக்கம்தான். "ஏனுங்க, ஒம்போது வருசமா நாயாட்டம் காத்திருந்துட்டு இப்ப வாயத் தொறக்கோணுமுங்களா? அந்தப் புள்ளைக்கு அப்பன் இருக்கறாரு. நமக்கு ஆரு இருக்கறாங்க?" என்றாள். அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அவள் சொல்வாள் என்று தெரிந்துதான் கேட்டேனோ என்னவோ. அதற்கு மேல் ஐந்து நாள் கழித்தேன்.

ஐந்தாம் நாள் ரேணுகா தன் பைப்பெட்டுகளையெல்லாம் தானே கழுவிக்கொண்டிருந்தாள். அது என் வேலை. "நான் பண்றேன் விடுங்க" என்றேன். அவள் விடவில்லை.

"அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். நான் அந்தக் குடுவையில சர்க்கரையே போடாம விட்டுட்டேனா? போட்ட மாதிரிதான் நெனப்பு இருக்கு. ஆனா இப்ப நம்பிக்கே இல்ல. என் கையையே நம்ப முடியலை."

அவள் ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஊரில் யாருக்கும் அவ்வளவு சுத்தமான கை கிடையாது. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. காலண்டர் தாளை எடுத்து அவள் ஈரக் கையில் கொடுத்தேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "நாற்பத்திரண்டா?" என்று கத்திக்கொண்டு சார் அறைக்கு ஓடினாள். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன்.

சார் தாளைப் படித்ததும் முகம் மலர்ந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷம் அவர் சுத்தமான விஞ்ஞானி. "பேஷ்! அப்போ ரெண்டு குடுவையும் சூடு கண்டிருக்கு! ரெண்டுலயும் புரதம் உண்டாயிருக்கு! அதான் ரெண்டும் பொழைச்சிருக்கு! இது நம்ம கட்சிக்கு இன்னொரு சாட்சி ரேணுகா!" என்றார். அடுத்த நிமிஷம் முகம் சுருங்கியது.

"மாலை யார் போட்டது?"

"நானுங்க."

"யாரைக் கேட்டுண்டு போட்டே?"

ரேணுகா கூரையைப் பார்த்தாள்.

"சரி, நான்தான் போடச் சொன்னேன். மாலை போடச் சொன்னேன். சூடு ஏத்தச் சொன்னேனோ?" என்றார்.

அன்றே எனக்கு ஒரு மெமோ வந்தது. இயந்திரத்துக்கு அனுமதியின்றி மலர் சாத்தியது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கம் வேண்டுமாம். கீழே கையெழுத்து, மாலைக்கு அளவு சொன்ன அதே கை. என் ஃபைல் "பிறகு பார்க்கலாம்" என்ற குறிப்போடு டேபிளிலிருந்து பீரோவுக்குப் போனது. சுவரில் சர்க்குலர் ஏறியது. வீட்டில் மூன்று நாள் எனக்குச் சோறு மட்டும் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

ரேணுகா சும்மா இருக்கவில்லை. கொட்டாமல் உறைய வைத்திருந்த அந்தச் செல்லை எடுத்து, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தாள். சூடு காணாததாக நினைத்த குடுவையிலும் வாட்ச்மேன் கறுப்புக் கோடாக விழுந்திருந்தான். அதோடு விடாமல், அதே போல மாலை வாங்கி, வேண்டுமென்றே இன்குபேட்டருக்குப் போட்டு, மறுபடி செய்தாள். மாலை போட்டபோது உள்ளே இருந்த குடுவை பிழைத்தது. மாலை இல்லாதபோது வைத்த குடுவை செத்தது. அந்த வாரம் செவ்வந்தி வாங்கித் தரச் சொன்னபோது ஸ்டோர் கீப்பர், ரசாயனப் பட்டியலில் பூ இல்லை என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் அவள் நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

தீசிஸில் இதை எழுதுவதில் பெரிய சண்டை. அவள் மாலை என்று எழுதினாள். சார் அடித்துவிட்டு, "காற்றுத் துவாரங்கள் தாவரப் பொருளால் அடைபட்டன" என்று இங்கிலீஷில் எழுதினார். இப்படியாகச் செவ்வந்திக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நான் தினக்கூலியாகவே இருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. எல்லாரும் உட்கார்ந்து கேட்கலாம். டைரக்டர் முன்வரிசையில் இருந்தார். பரிசோதகர் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மா. நூல் புடவை, நரைத்த தலை, மெதுவான குரல். நான் பிஸ்கட் தட்டோடு கதவருகில் நின்றேன்.

அந்த அம்மா ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "இந்தத் தாவரப் பொருள்னா என்ன? பாசியா, பூஞ்சையா?" என்று கேட்டார்.

சார் எழுந்து, "அது வந்து, மேடம், உள்ளூர்ச் சூழல்ல..." என்று ஆரம்பித்தார்.

"மாலை மேடம்" என்றாள் ரேணுகா. "ஆயுத பூஜை மாலை."

கூடம் கொல்லென்று சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "சூடு ஏறினதை யார் பார்த்தது?"

ரேணுகா கதவைக் காட்டினாள். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த அம்மா என்னிடம் தமிழில் பேசினார்.

"எப்போ எழுதி வச்சீங்க?"

"பாத்த ஒடனே எழுதினனுங்க."

"எப்போ சொன்னீங்க?"

"பதினோரு நாள் கழிச்சுங்க."

"ஏன்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை. "பர்மனென்ட் ஆர்டர் ஃபைலு சார் டேபிள் மேல இருந்துச்சுங்க. சொன்னாப் போயிருமோன்னு பயந்துட்டனுங்க."

"சொன்னதுக்கப்புறம்?"

"போயிருச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் சாரைப் பார்த்தார். சாருக்குப் பார்க்க ஆள் இல்லை.

"போகல்லை மேடம், யார் சொன்னா?" என்று சார் எழுந்தார். "பழனி நம்ம லேபோட தூண். ஆர்டர் ரெடி. இப்போ, இந்த நிமிஷம், ஆபீஸ்ல டைப் ஆயிண்டிருக்கு."

"சந்தோஷம். நான் போறதுக்குள்ள அவர் கையில பாத்துட்டுப் போறேன். சாயங்காலம்தான் எனக்கு ரயில்" என்றார் அந்த அம்மா. பிறகு ரேணுகாவிடம், "டாக்டர் ரேணுகா, அடுத்த பக்கம் போகலாமா?" என்றார்.

அவளை முதல் தரம் டாக்டர் என்று யாரோ கூப்பிட்டதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை காலியாக இல்லை. அதற்குள் சார் பின்வரிசை வழியாக வந்து என் காதைக் கடித்தார்.

"டைப்பிஸ்ட் இன்னிக்கு அரை நாள் லீவுடா. பஸ் ஏறிடப் போறா. நில்லாதே, ஓடு!"

தட்டோடு ஓடினேன்.